கைக்காசு எவ்வளவு இருக்கு?

அப்பாவின் கணக்கு நோட்டு ஒன்று இன்னும் எங்கள் பீரோவில் கிடக்கிறது. அவர் பல்லவன் போக்குவரத்துக் கழக டிப்போவில் மெக்கானிக். அட்டையில் கிரீஸ் படிந்த கட்டைவிரல் தடம் ஒன்று அப்படியே இருக்கிறது. முதல் பக்கத்தில் ‘பம்மல் மனை’ என்று தலைப்பு. 1984. அரை கிரவுண்டு, 14,000 ரூபாய். அதற்குக் கீழே அந்தப் பணம் வந்த வழிகளை எழுதியிருக்கிறார். சீட்டு 4,200, சங்கிலி 3,500, பி.எஃப். 3,000, பெரிய மாமா 1,500, சொசைட்டி லோன் 1,000, கையில் இருந்தது 800. பத்திரச் செலவுக்குப் பாட்டியின் கம்மல் போனது. அது நோட்டில் ஏறவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும்.

வீடு வாங்கப் போகிறேன் என்று யாரிடம் வாய் திறந்தாலும் அன்று கேட்ட முதல் கேள்வி, “கைக்காசு எவ்வளவு இருக்கு?” போன மாதம் என் மகளிடம் புரோக்கர் கேட்டதும் அதேதான். அவர் ‘டவுன் பேமென்ட்’ என்றார், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்தக் கைக்காசு எப்படிச் சேர்கிறது, எப்போது வெளியே வர வேண்டும் என்பதெல்லாம் நாற்பது வருடத்தில் தலைகீழாகிவிட்டது.

நோட்டில் முதல் வரியாக இருக்கும் சீட்டைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. எங்கள் தெருவில் ஒரு சீட்டுக்காரம்மா இருந்தார். இருபது பேர், மாதம் 250, ஆக 5,000 ரூபாய்ச் சீட்டு. ஒவ்வொரு மாதமும் ஏலம். அவசரம் உள்ளவர் அதிகம் தள்ளி எடுப்பார். தள்ளிய பணம் எல்லாருக்கும் பிரியும். கடைசி வரை பொறுத்திருப்பவருக்கு முழுத்தொகை. மனைக்காரர் கெடு வைத்துவிட்டதால் அம்மா ஏழாவது மாதமே 800 ரூபாய் தள்ளி எடுத்தாள். அந்த 800-ஐப் பற்றி அப்பா சாகும்வரை முணுமுணுத்தார். வட்டி என்று யாரும் சொல்லவில்லையே தவிர, அது வட்டிதான். தமிழ்நாட்டில் 1961-இலேயே சீட்டுச் சட்டம் உண்டு. 1982-இல் மத்தியச் சட்டமும் வந்தது. எங்கள் தெருச் சீட்டுக்கு இரண்டும் தெரியாது. சீட்டுக்காரம்மா ஊரைவிட்டு ஓட மாட்டார் என்ற நம்பிக்கைதான் பத்திரம், சாட்சி எல்லாம். சில தெருக்களில் ஓடவும் ஓடினார்கள்.

அப்போது வங்கி என்ன செய்துகொண்டிருந்தது என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். வீட்டுக்கடனுக்கென்றே எச்.டி.எஃப்.சி. 1977-இல் பம்பாயில் தொடங்கப்பட்டது. பம்மல் பக்கம் அதைப் பற்றிப் பேசியவர் யாரும் இல்லை. தேசிய வீட்டுவசதி வங்கி 1988-இல் வந்தது. அடுத்த வருடமே, சொந்த வீடு இல்லாதவர்கள் ஐந்து வருடம் மாதாமாதம் சேமித்தால் அதைப்போல் சில மடங்கு கடன் கிடைக்கும் என்று ஒரு திட்டம் போட்டது. டிப்போவில் யாரோ அப்பாவிடம் அதைச் சொன்னார்கள். “அஞ்சு வருஷம் ஒழுங்காச் சேக்கத் தெரிஞ்சவன் எதுக்குய்யா கடன் கேக்கறான்?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். வீட்டுவசதி வாரிய வீடு வேண்டுமென்றால் மனுப் போட்டுவிட்டுக் குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டும். அப்பாவுக்குக் குலுக்கலில் நம்பிக்கை இல்லை. அஞ்சலகத்தில் மட்டும் இருந்தது. 1986-இல் இந்திரா விகாஸ் பத்திரம் வந்தபோது வாங்கினார். ஐந்து வருடத்தில் இரட்டிப்பு. அதில் பெயரே எழுத மாட்டார்கள். தொலைந்தால் ரூபாய் நோட்டு தொலைந்த மாதிரிதான். அம்மா அதை அரிசிப் பானைக்குள் ஒரு பாலிதீன் பையில் வைத்திருந்தாள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 14,000 ரூபாயில் அப்பா வாங்கியது வீடு அல்ல, வேலிகாத்தான் முளைத்த நிலம். 1987-இல்தான் வானம் தோண்டிக் கடைக்கால் போட்டார். பணம் தீர்ந்தது. இரண்டு வருடம் கடைக்கால் மழையில் நின்றது; அதன்மேல் உட்கார்ந்து நான் கல்லூரிப் பரீட்சைக்குப் படித்தேன். 1989-இல் ஓர் அறையும் சமையலறையும் எழும்பின. மேலே ஆஸ்பெஸ்டாஸ். உள்ளே மட்டும் பூச்சு, வெளியே செங்கல் தெரியும். அதோடு குடிபோனோம். இந்திரா விகாஸ் முதிர்ந்தபோது காங்கிரீட் தளம் போட்டார்கள். மொய்ப் பணம் எங்கள் பக்கம் பெரிதாக வராது. பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கம் என்றால் ஒரு மொய் விருந்து வைத்துத் தளத்துக்கான பணத்தையே திரட்டியிருப்பார்கள்.

சேமிப்பு முடிந்த பிறகு வீடு வரவில்லை. சேமிக்கச் சேமிக்க வீடு வளர்ந்தது. பணம் நின்றால் வீடும் நின்றது. முக்கியமாக, வாடகை நின்றது. ஓர் அறையோடு குடிபோன அன்றே மாத வாடகை மிச்சமாகி அதுவே அடுத்த அறைக்குச் சிமெண்டாகியது. அப்பாவுக்குப் பொருளாதாரம் தெரியாது, ஆனால் இது தெரிந்திருந்தது.

அன்று எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. மாடிப் படிக்கட்டுக்கென்று சேர்த்த 12,000 ரூபாயை, வட்டி அதிகம் என்று தொண்ணூறுகளின் நடுவில் அப்பா ஒரு பைனான்ஸ் கம்பெனியில் போட்டார். முதல் ஆறு மாதம் வட்டி வந்தது. பிறகு பூட்டுதான் தொங்கியது. சென்னையில் அப்படிப் பல கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்த காலம் அது. முதலீட்டாளர்களைக் காப்பாற்றத் தமிழக அரசு 1997-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. அந்தப் பணம் திரும்பவில்லை. நாங்கள் நான்கு வருடம் மரஏணி வைத்துத்தான் மொட்டை மாடிக்கு ஏறினோம். வற்றல் போட ஏறும்போதெல்லாம் அம்மா அந்தக் கம்பெனிக்காரரை வாழ்த்துவாள். அந்த வாழ்த்தை இங்கே அச்சிட முடியாது.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். சங்கிலி அம்மாவுடையது, சீட்டும் அவள் கட்டியது. பத்திரம் அப்பா பெயரில். அதைப் பற்றி யாரும் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை, அம்மா உட்பட.

இப்போது என் மகளுக்கு வருகிறேன். சிறுசேரியில் வேலை, நாவலூரில் வாடகை வீடு. அவள் போனைத் திறந்தால் கடன் தருகிறோம் என்று குறுஞ்செய்தி வரிசை கட்டி நிற்கிறது. சிபில் மதிப்பெண் 780. அப்பா காலத்தில் கடன்தான் கிடைக்காத பொருள். இவளுக்கு அது வாசலில் நின்று கதவைத் தட்டுகிறது. கிடைக்காதது கைக்காசு.

அவள் பார்த்த வீடு பெருங்களத்தூர்ப் பக்கம், கட்டி முடித்த புது அடுக்குமாடியில் இரண்டு படுக்கையறை. விலை 60 லட்சம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம்; 75 லட்சம் வரை 80 சதவீதம்; அதற்கு மேல் 75. ஆக இவளுக்கு அதிகபட்சம் 48 லட்சம். மீதி 12 லட்சம் இவள் போட வேண்டும். விளம்பரப் பலகை இதோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் பத்திரச் செலவை வீட்டு விலையோடு சேர்த்துக் கடன் கணக்குப் போடக் கூடாது என்று 2012-லிருந்தே விதி. அதைக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து புது அடுக்குமாடி வீட்டுக்கு நிலப் பாகத்தையும் கட்டடத்தையும் சேர்த்து மதிப்புப் போட்டுப் பதிகிறார்கள். 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத் தீர்வை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கு 4 லட்சத்து 20 ஆயிரம். ஆக 16 லட்சத்து 20 ஆயிரம். கட்டிக்கொண்டிருக்கும் வீடாக இருந்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம் வேறு. அலமாரி, சமையல் மேடைக்குக் கீழ் மரவேலை, ஜன்னலுக்குக் கொசுவலை எல்லாம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை.

சவரன் கணக்கில் பார்த்தேன், பழைய பழக்கம். அப்பாவின் மனை முழுசும் அன்றைய விலையில் ஒன்பது சவரன் அளவு. சவரன் ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால், மகளின் கைக்காசு மட்டும் பதினாறு சவரன்.

மாதம் 25,000 ரூபாய் ஒதுக்கினால் 65 மாதம். ஐந்தரை வருடம். அதற்குள் அந்த வீட்டு விலை வருடம் 5 சதவீதம் ஏறினால்கூட ஐந்தாவது வருட முடிவில் 76 லட்சத்தைத் தாண்டிவிடும். அப்போது கைக்காசு 20 லட்சத்துக்கு மேல் வேண்டும். இதற்கிடையே மாத வாடகை போய்க்கொண்டே இருக்கும். வாடகை அட்வான்ஸ் வேறு முடங்கிக் கிடக்கும். தனியாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம் சொல்கிறது. மகள் கொடுத்தது ஐந்து மாதம். அதுவே குறைவு என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார்.

அப்பா போல மனை வாங்கிப் போட்டு மெல்லக் கட்டிக்கொள்ளலாமே என்று என் மச்சான் சொன்னார். எந்த மனை? பம்மல் இன்று தாம்பரம் மாநகராட்சி. அப்பா வாங்கியது பஞ்சாயத்து காலத்து அங்கீகாரமில்லாத மனை. அந்த மாதிரி மனைகளைப் பதியக் கூடாது என்று 2016-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மறு வருடம் வரன்முறைத் திட்டம் வந்தபோது நானும் வரிசையில் நின்று பணம் கட்டினேன். உத்தரவு சரிதான், சாலையும் வடிகாலும் இல்லாமல் நாங்கள் பட்டது போதும். ஆனால் மாதம் நூறு, இருநூறு கட்டி மனை சேர்த்த ஏழை எளியவர்களின் வழியும் அதோடு அடைபட்டது. அங்கீகாரம் பெற்ற மனை வேண்டுமானால் சிங்கப்பெருமாள் கோவில் தாண்டிப் போக வேண்டும். அங்கிருந்து சிறுசேரிக்கு யார் தினமும் வருவது?

அடுக்குமாடி வீட்டைப் பாதியாக வாங்க முடியாது. கூடத்தை இந்த வருடம், படுக்கையறையை 2029-இல் என்று யாரும் விற்பதில்லை. வீடு முழுசாக வருவதால் கைக்காசும் முழுசாக, ஒரே நாளில், ஒரே கணக்கில் இருந்தாக வேண்டும்.

அதுவும் வெள்ளையாக. 2015 ஜூனிலிருந்து வீடு, நில விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்கக் கூடாது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணமும் கேட்கக் கூடாது. வாங்குகிறவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதத்தைக் கட்டுநர் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். இவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். மரஏணியில் ஏறிய குடும்பத்துக்கு இந்த விதிகளின் அருமை தெரியும். பத்திரத்தில் மகள் பெயர் முதலில் வரப்போகிறது, மருமகன் பெயர் இரண்டாவது. அதையும் அம்மா பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் பெரிய மாமாவின் 1,500 மாதிரி ஒரு வரி மகளின் கணக்கில் இல்லை. சீட்டு இல்லை. அவள் போனில் மியூச்சுவல் ஃபண்ட் தவணை மாதாமாதம் ஓடுகிறது. பங்குச் சந்தை இறங்கிய மாதம் அவள் முகமும் இறங்குகிறது. சித்தப்பாவிடம் கைமாற்றுக் கேட்கலாமா என்று நான் கேட்டபோது, “அவங்களே ஈ.எம்.ஐ. கட்டறாங்கப்பா” என்றாள். உண்மைதான். சொந்தபந்தம் எல்லாம் தலைக்கு ஒரு கடனில் இருக்கிறது. யாரிடமும் சும்மா கிடக்கும் பணம் இல்லை. ஏழு இடத்திலிருந்து வந்துகொண்டிருந்த கைக்காசு இன்று இரண்டு இடத்திலிருந்துதான் வருகிறது. ஒன்று சம்பளம், இன்னொன்று பெற்றோர்.

மகளும் மருமகனும் சேர்த்தது 11 லட்சத்து 40 ஆயிரம். போன வருடம் ஓய்வுபெற்றபோது எனக்கு வந்த பணத்திலிருந்து 5 லட்சத்தை அவள் கணக்குக்கு மாற்றினேன். அடுத்த மாதம் பதிவு. கடன் தவணை, 8 சதவீத வட்டியில் இருபது வருடத்துக்கு, மாதம் 40,000 ரூபாயை ஒட்டி வரும். கட்டிவிடுவார்கள்.

அந்த 5 லட்சம் என்னிடம் மிச்சம் இருந்தது என் சாமர்த்தியத்தால் அல்ல. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் ஒரு மாதம்கூட வாடகை கொடுத்ததில்லை. அப்பா பாதி பூசிய பம்மல் வீட்டில்தான் இருந்தேன். மகளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள், அதே சம்பளம், அவள் தோழி ஒருத்தி. அவளுடைய பெற்றோர் விழுப்புரத்தில் இன்னும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அவள் அந்த 65 மாதத்தையும் எண்ணித்தான் தீர வேண்டும்.