சுவரை உடைக்க வேண்டாம்... பழைய கம்பியே போதும்!

மதியம் 2 மணி. கேட்டில் கூரியர் பையன் நிற்கிறான். வாட்ச்மேன் இன்டர்காமில் மூன்றாவது மாடி வீட்டின் எண்ணை அழுத்துகிறார். 'கொர்ர்' என்று ஓர் இரைச்சல், அவ்வளவுதான். இன்னொரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி படியேறுகிறார். மேலே தனியாக இருக்கும் பாட்டி, தட்டுவது யார் என்று தெரியாமல் கதவைத் திறப்பதா வேண்டாமா என்று நிற்கிறார்.

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலைப் பக்கமோ, திருச்சி தில்லை நகர் கிராஸ்களிலோ பழைய அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

கூரியர் என்றால் பரவாயில்லை, நாளைக்கு வரச் சொல்லலாம். மாடியில் வழுக்கி விழுந்தவர் கீழே தகவல் சொல்ல வேண்டும் என்றால்? 108 ஆம்புலன்ஸ் வாசலுக்கே வந்துவிட்டது, எந்த வீடு என்று வாட்ச்மேனுக்குத் தெரியவில்லை என்றால்? பிள்ளைகள் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, காவிரிக் கரையில் பெருமாளே துணை என்று வந்து தங்கிவிட்ட பெரியவர்கள் நிறைய பேர் இருக்கும் ஊர் இது. இங்கே இன்டர்காம் வெறும் அலங்காரப் பொருள் இல்லை.

அசோசியேஷன் கூட்டத்தில் இந்தப் பேச்சு வரும். யாராவது ஒருவர் கொட்டேஷன் வாங்கி வருவார். "வயரிங் எல்லாம் பழசு சார், மொத்தமா புதுசா இழுக்கணும்" என்று அதில் இருக்கும். சுவரில் காடி வெட்ட வேண்டும், பைப் பதிக்க வேண்டும், பூச வேண்டும், மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். போன வருடம்தான் பெயின்ட் அடித்த வீட்டுக்காரர் எழுந்து நிற்பார். கூட்டம் காபியோடு முடிந்துவிடும். இன்டர்காம் அப்படியே ஊமையாக இருக்கும்.

கம்பி பழசு என்பது உண்மைதான். பழசானால் பயன்படாது என்பதுதான் தவறு.

2005-ல் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' பிராட்பேண்ட் வந்தது ஞாபகம் இருக்கிறதா? அதற்காக யாரும் வீட்டுச் சுவரை உடைக்கவில்லை. லேண்ட்லைனுக்கு வந்த அதே இரண்டு கம்பிதான். நடுவில் 'ஸ்ப்ளிட்டர்' என்று தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளை டப்பாவை மாட்டினார்கள். ஒரு பக்கம் போன், மறுபக்கம் இன்டர்நெட். மனிதக் குரலுக்கு டெலிபோனில் ஒதுக்கியது 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். கம்பியால் அதைவிடப் பல மடங்கு உயர்ந்த அலைவரிசையையும் சுமக்க முடியும். அந்தக் காலி இடத்தில்தான் இன்டர்நெட் ஓடியது. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒன்று, இரண்டு கிலோமீட்டர் தாண்டி, வெயிலிலும் மழையிலும் கம்பம் கம்பமாக வந்த கம்பி அது.

உங்கள் பிளாட்டிலிருந்து வாட்ச்மேன் அறைக்கு எவ்வளவு தூரம்? சுற்றி வளைத்து வந்தாலும் 50, 60 மீட்டர் இருக்கும். ஐ.பி. இன்டர்காம் என்கிற நெட்வொர்க் முறையில் ஒரு குரல் அழைப்புக்கு நொடிக்கு 100 கிலோபிட் கூட வேண்டாம். கேட்டில் நிற்பவரின் முகம் ஓரளவு தெளிவாகத் தெரிய 2 மெகாபிட் போதும். நல்ல நிலையில் இருக்கும் செம்புக் கம்பிக்கு இது பெரிய சுமை இல்லை.

பழைய கட்டடங்களின் சுவருக்குள் என்னதான் இருக்கிறது? 1984-ல் தொடங்கிய சி-டாட் நிறுவனம், ஏ.சி. இல்லாமலே நம் ஊர் வெயிலைத் தாங்கும் சின்ன எக்ஸ்சேஞ்சுகளை உருவாக்கி, அந்தத் தொழில்நுட்பத்தை இந்தியக் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டிகள் முதலில் ஆபீஸ்களிலும் ஹோட்டல்களிலும், பிறகு அடுக்குமாடிகளிலும் நுழைந்தன. வாட்ச்மேன் அறையில் ஒரு பெட்டி, அதிலிருந்து வீட்டுக்கு ஒரு ஜோடி கம்பி, சுவரில் ஒரு போன். பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பி, இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கியபடி இருக்கும். அந்த முறுக்கு சும்மா இல்லை. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு கம்பியையும் ஒரே அளவில் தாக்கி, மறுமுனையில் ஒன்றையொன்று அடித்துவிடும்.

கெட்டுப்போனது பெரும்பாலும் கம்பி இல்லை, ஜாயின்ட். மாடிப்படி ஓர ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால் கறுப்பு டேப் சுற்றிய முடிச்சுகள் தெரியும். டேப்பைப் பிரித்தால் பச்சை பூத்திருக்கும். இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கும் ஸ்ரீரங்கத்தில் தரைத்தளச் சுவரில் ஓதம் ஏறுவதைப் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. போதாக்குறைக்கு எறும்பும் பல்லியும் அந்தப் பெட்டிக்குள் குடித்தனம் நடத்தும்.

அதனால் கொட்டேஷன் வாங்கும் முன் ஒரு மல்டிமீட்டரோடு அரை நாள் ஒதுக்க வேண்டும். முதலில் பழைய பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தி, வீட்டுப் போனைக் கழற்றிவிட வேண்டும். மேலே இரண்டு கம்பி முனைகளையும் சேர்த்து முறுக்கிவிட்டு, கீழே ஓம் அளவைப் பார்க்க வேண்டும். அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு, போய்த் திரும்பும் ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 175 ஓம். அப்படியானால் 60 மீட்டருக்கு 10, 11 ஓம் காட்ட வேண்டும். 100 காட்டினாலோ, கம்பியை ஆட்டும்போது எண் குதித்தாலோ நடுவில் கெட்ட ஜாயின்ட் இருக்கிறது. பிறகு மேலே முறுக்கைப் பிரித்துவிட்டு அளக்க வேண்டும். இப்போது மீட்டர் எதுவும் காட்டக் கூடாது. ஏதாவது எண் காட்டினால் உள்ளே ஈரம், அல்லது எங்கோ இரண்டு கம்பியும் உரசுகின்றன. கம்பியைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பதும் நல்லது. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதை நம்பி மேலே போக வேண்டாம்.

24 வீடுகளில் 20 வீட்டுக் கம்பி தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காடி வெட்ட வேண்டியது நாலு வீட்டுக்குத்தான். கூட்டத்தில் பேச்சே மாறிவிடும்.

அடுத்தது, எதை மாட்டுவது? சிக்கனமான வழி, வீட்டுப் போன்களைத் தொடாமல் கீழே இருக்கும் பெட்டியை மட்டும் மாற்றுவது. பழைய போன்களுக்கான இணைப்புகள் கொண்ட ஐ.பி. எக்ஸ்சேஞ்ச் கிடைக்கிறது. கேட்டிலிருந்து அழைத்தால் முதலில் சுவர் போன் அடிக்கும். 20 நொடியில் யாரும் எடுக்காவிட்டால், செயலி வழியாக வெளிநாட்டில் இருக்கும் மகனின் மொபைலுக்குப் போகும்படி அமைத்துவிடலாம். குரல் மட்டும்தான், முகம் தெரியாது. பல கட்டடங்களுக்கு இதுவே போதும்.

முகமும் தெரிய வேண்டும் என்றால் 'டூ வயர் ஐ.பி.' வகை. அதே இரண்டு கம்பியில் மின்சாரமும் படமும் குரலும் சேர்ந்தே போகும். இதில்தான் கம்பியின் தடிமன் முக்கியம். 24 வோல்ட்டில் 7 வாட் இழுக்கும் ஒரு மானிட்டர், 60 மீட்டர் தள்ளி இருந்தால் சுமார் 3 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். அதை மானிட்டர் தாங்கும். தூரம் இரட்டிப்பானாலோ, கம்பி மெலிந்தாலோ திணறும். விற்பவரிடம் "இந்தத் தடிமனுக்கு எத்தனை மீட்டர்?" என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கம்பி வராமல், வீடு வீடாகத் தொட்டுக்கொண்டு போகும் கட்டடம் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எல்லாக் கருவியும் அதற்கு ஒத்துவராது.

ஃபைபருக்கு மாறிய வீடுகளில் பழைய லேண்ட்லைன் கம்பி சும்மா தொங்கும். இன்டர்காம் கம்பி தேறாத வீட்டுக்கு அது கை கொடுக்கலாம். தொலைபேசி நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடுவது முறை.

இந்த வேலையில் ஆபத்தும் உண்டு. பழைய இன்டர்காம் லைனில் சாதாரணமாக 48 வோல்ட் வரை இருக்கும். மணி அடிக்கும்போது 75 வோல்ட்டுக்கு மேல் ஏறும். கையில் பட்டால் சுரீர் என்று இழுக்கும். பழைய பெட்டியைக் கழற்றாமல் புதுக் கருவியை அதே கம்பியில் சேர்த்தால், புதுசு அன்றைக்கே புகைந்துவிடும். சில கட்டடங்களில் 230 வோல்ட் வயரும் இன்டர்காம் கம்பியும் ஒரே பைப்புக்குள் போகின்றன. அப்படி இருந்தால் அந்தப் பைப்பை மறந்துவிட்டுப் புதிதாக இழுப்பதுதான் சரி, அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது. ஐப்பசி இடியைத் தாங்க, கேட்டிலிருந்து வரும் லைனில் சர்ஜ் புரொடெக்டரும் ஒழுங்கான எர்த்தும் வேண்டும்.

கரன்ட் போனால்? மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். அன்றைக்கு இன்டர்காமும் தூங்கக் கூடாது. 24 மானிட்டரும் சும்மா இருக்கும்போது தலா 2 வாட், கீழே இருக்கும் கருவிகளுக்கு 30 வாட் என்று உத்தேசமாக வைத்தால் மொத்தம் 80 வாட்டுக்குள் அடங்கும். வீட்டு இன்வெர்ட்டர் ஒன்று, 150 ஏ.எச். பேட்டரியோடு, அந்தப் பகலைச் சமாளித்துவிடும்.

"எதற்கு இவ்வளவு? எல்லோர் கையிலும்தான் செல்போன் இருக்கிறதே" என்று கேட்கும் இளைஞர் ஒவ்வொரு அசோசியேஷனிலும் இருப்பார். இருக்கிறது. அது படுக்கையறையில் சார்ஜில் இருக்கும், அல்லது கோயிலுக்குப் போனபோது சைலன்ட்டில் போட்டது அப்படியே இருக்கும். வைகுண்ட ஏகாதசி மாதிரி ஒரே இடத்தில் லட்சக்கணக்கில் கூட்டம் சேரும் நாளில் செல்போன் டவர் திணறுவதும் உண்டு. கட்டடத்துக்குள்ளேயே ஓடும் கம்பிக்கு அந்தத் திண்டாட்டம் இல்லை. செயலி வேண்டும்தான், ஆனால் சுவர் போனைக் கழற்றிவிட்டு அல்ல.

நெட்வொர்க்கில் சேர்த்துவிட்டால் இன்னொரு வேலையும் வருகிறது. கம்பெனி போட்டுத் தந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்ற வேண்டும். கேட் கேமரா பதிவை யார் யார் பார்க்கலாம் என்று மினிட் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். பணம் முழுதாகக் கொடுக்கும் முன் ஒரு மாதாந்திர மின்தடை நாள் வரும்வரை காத்திருந்து, அன்றைக்கு மதியம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருமுறை கீழே அழைத்துப் பார்க்க வேண்டும். அந்த வீட்டில் வயதானவர் இருந்தால், அழைப்பது மகனோ மருமகளோ இல்லை, அவரேதான். கண்ணாடி போடாமல் அந்தப் பட்டனை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், அதன் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டு மறுபடி அழுத்தச் சொல்லுங்கள்.