ஆடை பாதி: சி.எஸ்.எஸ். கற்க வரும் தம்பி தங்கைகளுக்கு

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். இணையப் பக்கத்துக்கும் இது அப்படியே பொருந்தும். எது தலைப்பு, எது பத்தி, எது படம் என்று சொல்லும் எச்.டி.எம்.எல். தான் ஆள். அது என்ன நிறத்தில், எவ்வளவு அகலத்தில், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லும் சி.எஸ்.எஸ். தான் ஆடை. பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதை ஜாவாஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும். இந்த மூன்றும் சேர்ந்ததே ‘ஃப்ரண்ட் எண்ட்’ என்னும் துறை.

நான் மூன்றாமாண்டு கணிப்பொறித் துறை மாணவன். லேபில் ஜூனியர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, “அண்ணா, ரியாக்ட் கத்துக்கட்டுமா, டெயில்விண்ட் கத்துக்கட்டுமா?” என்பதுதான். இரண்டும் நல்லவையே. ஆனால் எதைப் பிடித்தாலும் பிரௌசர் பக்கத்துக்கு ஆடை கட்டுவது சி.எஸ்.எஸ். விதிப்படிதான். அஸ்திவாரம் போடாமல் மாடி கட்ட முடியுமா? ஆகவே அஸ்திவாரத்தைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

1994 அக்டோபரில், ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய நார்வே நாட்டவர் ஹோகன் வியூம் லீ இதற்கான முதல் திட்டத்தை வெளியிட்டார். நெதர்லாந்தின் பெர்ட் போஸ் அவரோடு சேர்ந்துகொண்டார். 1996 டிசம்பரில் சி.எஸ்.எஸ். முதல் தரமாக வெளிவந்தது.

கத்தாத மொழி

சி மொழியில் ஓர் அரைப்புள்ளியை விட்டால் கம்பைலர் கத்தும். சி.எஸ்.எஸ். கத்தாது! தனக்குப் புரியாத வரியைப் பிரௌசர் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். நடுவில் அரைப்புள்ளி விட்டுப்போனால் அந்த வரியோடு அடுத்த வரியும் போச்சு. இது குறையல்ல, வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. புது வசதியை எழுதினாலும் பழைய பிரௌசர் மற்ற பக்கத்தையாவது ஒழுங்காகக் காட்ட வேண்டும் அல்லவா? ஆனால் கற்பவனுக்கு இதுதான் தலைவலி. தப்பு எங்கே என்று யாரும் சொல்வதில்லை. “சி.எஸ்.எஸ். தன் இஷ்டத்துக்கு ஆடுது” என்று பலர் வெறுத்துப் போவது இதனால்தான். உண்மையில் அது விதிப்படியே நடக்கிறது. மூன்று விதிகள் பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதல் விதி: யார் சொல் எடுபடும்?

நம் நோட்டீஸ் போர்டை நினைத்துக்கொள்ளுங்கள். “எல்லா மாணவர்களும் ஹாலுக்கு வரவும்” என்று ஒரு அறிவிப்பு. “கணிப்பொறித் துறையினர் லேபுக்கு வரவும்” என்று இன்னொன்று. “ரோல் நம்பர் 27 ஆபீசுக்கு வரவும்” என்று மூன்றாவது. 27-ஆம் எண்காரர் எங்கே போவார்? ஆபீசுக்குத்தான். குறிப்பிட்டுச் சொன்ன சொல்லே எடுபடும். சி.எஸ்.எஸ்.ஸிலும் டேக் பெயரை விட கிளாஸ் வலியது. கிளாஸை விட ஐ.டி. வலியது. பதினோரு டேக் பெயரை அடுக்கினாலும் ஒரு கிளாஸை வெல்ல முடியாது. இரண்டும் சம பலம் என்றால், பின்னால் எழுதியது ஜெயிக்கும்.

‘இம்பார்ட்டன்ட்’ என்று ஆச்சரியக்குறியோடு எழுதுவது முதல்வர் கையெழுத்து மாதிரி. எல்லா நோட்டீசிலும் அந்தக் கையெழுத்து இருந்தால் அதற்கு என்ன மதிப்பு?

இரண்டாம் விதி: எல்லாமே பெட்டி

சிவில் துறை நண்பர்களுக்கு இது உடனே புரியும். உள் அளவு 10 அடி அறைக்கு இரு பக்கமும் 9 அங்குலச் சுவர் வைத்தால் வெளி அளவு பதினொன்றரை அடி ஆகிவிடும். அதே கணக்குதான். அகலம் 300 பிக்சல் என்று எழுதுகிறோம். பேடிங் பக்கத்துக்கு 20, பார்டர் பக்கத்துக்கு 5. மொத்தம் 350! பக்கத்துப் பெட்டி இடமில்லாமல் கீழே விழுகிறது. ‘பாக்ஸ் சைசிங்’ என்பதை ‘பார்டர் பாக்ஸ்’ என்று வைத்தால் 300 என்பது வெளி அளவாகிவிடும். பேடிங்கும் பார்டரும் அதற்குள்ளேயே அடங்கும். அவ்வளவுதான் சங்கதி.

மூன்றாம் விதி: எங்கே நிற்பது?

ஒரு காலத்தில் பக்கத்தைப் பத்திகளாகப் பிரிக்க டேபிளைப் பயன்படுத்தினார்கள். பிறகு, படத்தைச் சுற்றி எழுத்து ஓடுவதற்காக வந்த ‘ஃப்ளோட்’டை வைத்து ஒப்பேற்றினார்கள். இன்று அந்தப் பாடு இல்லை. ஒரே வரிசையில் நிறுத்த ஃப்ளெக்ஸ்பாக்ஸ்: பஸ் ஸ்டாப் கியூ மாதிரி. வரிசையும் பத்தியும் சேர்ந்து வேண்டுமென்றால் கிரிட்: பரீட்சை ஹால் பெஞ்சு மாதிரி. 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் பிரௌசர்களில் கிரிட் வந்தது. சிறிய திரைக்கும் பெரிய திரைக்கும் ஒரே பக்கம் தானே வளைந்து கொடுக்கும் முறைக்கு ‘ரெஸ்பான்சிவ்’ என்று 2010-இல் பெயர் வைத்தவர் ஈதன் மார்க்காட். நம் ஊரில் பெரும்பாலோர் பார்ப்பது போனில்தானே? ஆகவே சிறிய திரைக்கு முதலில் எழுதுங்கள்.

தமிழில் பக்கம் செய்வோருக்கு இன்னொரு குறிப்பு. ‘சப்மிட்’டுக்கு அளவெடுத்த பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ அடங்காது. அகலத்தைக் கட்டிவைக்காமல் பேடிங் கொடுத்து, எழுத்தே அகலத்தைத் தீர்மானிக்க விடுங்கள். நம் எழுத்துக்கு மேலே விசிறி, கீழே சுழி உண்டு. வரி இடைவெளியைத் தாராளமாக வையுங்கள்.

எஃப் 12 என்னும் டார்ச் லைட்

கத்தாத மொழியைப் பேச வைக்க வழி உண்டு. குரோமில் எஃப் 12-ஐ அழுத்தி, பிரச்சினை செய்யும் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு எழுதிய விதிகள் எல்லாம் வரிசையாக வரும். கோடு போட்டு அடித்திருப்பவை தோற்ற வரிகளும் பிரௌசர் தள்ளிவிட்ட வரிகளும். பெட்டியின் அளவுப் படமும் அங்கேயே கிடைக்கும். கண்டபடி எண்களை மாற்றிப் பார்ப்பதை விட, “ஏன் இப்படி வந்தது?” என்று இங்கே பார்ப்பவன் வேகமாக முன்னேறுவான்.

“ஏ.ஐ. கிட்ட கேட்டா நொடியில தருதே, அப்புறம் எதுக்கு இதெல்லாம்?” என்கிறார்கள். தருகிறது, நானும் கேட்கிறேன். ஆனால் புராஜெக்ட் வைவாவில் எதிரே இருப்பவர், “இந்தப் பெட்டி ஏன் கீழே இறங்கியது?” என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நாம்தான். இன்டர்வியூவிலும் அப்படியே. கல்விக்கடனை முதல் சம்பளத்தில் கட்டத் தொடங்க வேண்டிய நம்மில் பலருக்கு அந்த ஒரு பதில் பெரிய விஷயம்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். பள்ளியில் தமிழ்வழி படித்தேனே என்று தயங்கவும் வேண்டாம். நினைவில் வைக்க வேண்டிய ஆங்கிலச் சொற்கள் முதலில் ஐம்பது இருந்தால் அதிகம். நோட்பேடும் பிரௌசரும் போதும். இன்டர்நெட் கூட வேண்டியதில்லை. லேப் நேரத்தில் தினம் அரை மணி ஒதுக்குங்கள். நம் கல்லூரி டைம்டேபிளை கிரிட்டில் கட்டிப் பாருங்கள். பிறகு ரியாக்ட் என்ன, நாளை வரப்போகும் எதுவானாலும் எளிதில் வசப்படும்!