தேசப்படத்தில் இல்லாத ஓர் ஆறு

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் அச்சிட்ட மலாயாத் தீபகற்பத்துத் தேசப்படங்கள் சிலவற்றில் வியப்பான காட்சி ஒன்று உண்டு. மேற்கே மூவார் ஆற்றின் முகத்துவாரத்தில் தொடங்கும் நீர்க்கோடு, எங்கும் அறுபடாமல் கிழக்கே பகாங் ஆற்றின் வழியாகக் கடலை எட்டுகிறது. அது மெய்யாயின் நாட்டின் தென்பகுதி தீவாகிவிடுமன்றோ? ஆயினும் படம் வரைந்தோர் வெறும் பொய் புனைந்தாரல்லர்.

விடை நம் நெகிரி செம்பிலானில், ஜெம்போல் வட்டாரத்தில் இருக்கிறது. தீத்திவங்சா மலைத்தொடர் தெற்கே தாழ்ந்து ஓய்ந்துவிட, இங்கே நீர்பிரி நிலம் தாழ்ந்த மேடாகவே கிடக்கிறது. அதன் ஒருபுறம் ஓடும் ஜெம்போல் ஆறு மூவாரில் கலந்து மலாக்கா நீரிணையை அடைகிறது. மறுபுறம் ஓடும் செர்த்திங் ஆறு, பெரா ஆற்றின் வழியே பகாங் ஆற்றோடு கூடித் தென்சீனக் கடலை அடைகிறது. ஆறுகள் நெருங்கும் இடத்தில் இடைநிலம் ஒரு மைல்கூட இல்லை. அக்கால வணிகர் படகைக் கரையேற்றி, அந்நிலத்தின்மேல் இழுத்துச் சென்று மறு ஆற்றில் மிதக்கவிட்டனர். ‘தாரேக்’ என்றால் ‘இழு’ என்பது தோட்டத்துச் சிறுவரும் அறிந்த மலாய்ச்சொல். அதிலிருந்து பிறந்ததே ‘பெனாரிக்கான்’ என்னும் இடப்பெயர். 1613ஆம் ஆண்டில் மலாக்காவைப் பற்றி நூலெழுதிய கோடின்ஹோ டி எரேடியா இவ்விடத்தைப் பெயர் சுட்டியே குறித்துள்ளார்.

நீர்பிரி நிலத்தைப் படத்தில் காண்பது எவ்வாறு? சம உயரக் கோடுகள் ஓர் ஆற்றைக் கடக்கும்போது வளைந்து, கூர்முனையை ஆற்றின் தலைப்பக்கம் நீட்டும். அடுத்தடுத்த இரு ஓடைகளின் கூர்முனைகள் ஒன்றையொன்று நோக்கி நிற்குமாயின், இடையில் உள்ளதே நீர்பிரி நிலம். அங்கே கோடுகள் விலகி அகன்றிருந்தால் ஏற்றம் எளிது. மனிதர் கடந்த வழி அங்கே இருத்தல் கூடும். பாலக்காட்டுக் கணவாயிலும் இதுவே முறை: நொய்யல் கிழக்கே காவிரிக்கும், பாரதப்புழை மேற்கே அரபிக்கடலுக்கும் செல்கின்றன.

என் மாணவன் ஒருவன் மூவாரையும் பகாங்கையும் ஒரே கோடாக வரைந்திருந்தான். சிவப்பு மையால் சுழித்தேன். பழைய படத்தைப் பின்னர் கண்டபோதுதான், ஏன் இணைத்தாய் என்று அவனைக் கேளாமற் போனது உறுத்திற்று. அவன் வரைந்தது பிழைதான். இரண்டும் வேறு வேறு ஆறுகளே. ஆனால் அந்தப் பிழையிலிருந்தே ஒரு நல்ல பாடத்தைத் தொடங்கியிருக்கலாம். ஆசிரிய நண்பர்கள் இவ்வட்டாரப் படத்தை வகுப்பில் ஒருமுறை விரித்துக் காட்டுவார்களாக. நம் ரப்பர் மரங்களில் விழும் மழை எந்தக் கடலுக்குப் போகிறது என்று பிள்ளைகளே கண்டு சொல்லட்டும்.