ஓட்டுநர் இல்லாத காருக்குப் பின்னால் ஒரு வேலை

ஓட்டுநர் இல்லாமல் ஓடும் கார்களுக்கு மென்பொருள் எழுதுகிறேன் என்றால், "அந்தக் காரில் உட்கார்ந்து போவீர்களா?" என்றுதான் மாணவர்கள் முதலில் கேட்கிறார்கள். ஜோகூர் பாருவில் கணினி முன் அமர்ந்து வேலை செய்யும் நான் காரைத் தொடுவதே அரிது. அந்தக் கார் பாதுகாப்பாக ஓடத் தேவையான கட்டமைப்பை உருவாக்குவதே என் வேலை.

காரின் கேமராக்களும், லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடார் கருவியும் ஓயாமல் பதிவு செய்கின்றன. அந்தப் பதிவுகளைச் சேமித்து, "மழையில் பாதசாரி சாலையைக் கடக்கும் காட்சி" என்று தேடினால் உடனே எடுத்துத் தரும் வசதி வேண்டும். நிரலில் ஒரு வரியை மாற்றினாலும், பழைய காட்சிகளைக் கணினியில் மீண்டும் ஓட்டி, கார் சரியான நேரத்தில் பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கிறோம். இதில் தேறாத நிரல் சாலைக்குப் போகாது.

2004-இல் அமெரிக்காவின் டார்ப்பா அமைப்பு பாலைவனத்தில் நடத்திய போட்டியில் எந்த வாகனமும் 12 கிலோமீட்டரைக்கூடத் தாண்டவில்லை. மறு ஆண்டு 5 வாகனங்கள் சுமார் 212 கிலோமீட்டர் பாதையை முடித்தன. வென்ற ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு, மனிதர் ஓட்டிய பதிவுகளைக் கொண்டு தன் மென்பொருளைப் பயிற்றுவித்திருந்தது. 2016-இல் சிங்கப்பூரின் ஒன்-நார்த் பகுதியில், பொறியாளர் உடன் அமர்ந்திருக்க, நியூடானமி நிறுவனத்தின் டாக்சிகள் சோதனை முறையில் பொதுமக்களை ஏற்றிச் சென்றன.

நம் சாலைகள் வேறு மாதிரி. சமிக்ஞை விளக்கில் கார்களுக்கு இடையே மோட்டார் சைக்கிள்கள் நுழைந்து முன்னே வரும். திடீர் மழையில் சாலைக் கோடுகள் மறைந்துவிடும். மலேசியாவில் சாலை விபத்துகளில் இறப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். இந்தக் காட்சிகள் இல்லாத சோதனையை நம்பி இங்கே ஒரு காரை ஓடவிட முடியாது. இதை அன்றாடம் பார்த்து வளர்ந்தவர்கள் இத்துறைக்குத் தேவை.

எஸ்.பி.எம். மாணவர்கள் கூடுதல் கணிதத்தையும் இயற்பியலையும் விடாதீர்கள். நிகழ்தகவும் வெக்டரும் எனக்குத் தினமும் பயன்படுகின்றன. பல்கலைக்கழகம் செல்வோர் பைத்தான், சி++, லினக்ஸ் பழகுங்கள். கார் வாங்கத் தேவையில்லை. 'கார்லா' என்ற இலவச மென்பொருளில் கணினிக்குள்ளேயே காரை ஓட்டிச் சோதிக்கலாம். நல்ல கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினி வேண்டும் என்பதால், கல்லூரி ஆய்வகத்தில் நண்பர்களோடு சேர்ந்து தொடங்குங்கள். புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் ஆர்.டி.எஸ். ரயிலும் ஓட்டுநரின்றி ஓடவே வடிவமைக்கப்பட்டது. இத்தகைய அறிவுக்கு நம் ஊரிலேயே தேவை வந்துவிட்டது.