பீலித் தண்ணீரும் ஹோஸ் பைப்பும்

ஊற்றிலிருந்து லயம் வரை

பசறை, லுணுகலை, ஹப்புத்தளை எனப் பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் மலை ஊற்றும் பீலியும் பழைய நீர்வழிகள். ஊற்று நீர் தொட்டிக்கும் அங்கிருந்து லயத்துக்கும் குழாயில் இறங்குகிறது. கடைசிச் சில அடிகளுக்குப் பல வீடுகளில் ஹோஸ் பைப்பே உதவுகிறது. மென்மையூட்டி இரசாயனம் நீரில் சேர வாய்ப்புள்ள இடம் அது.

மென்மை வரும் விதம்

ஹோஸ் பைப்புகள் பலவும் செய்யப்படும் பிவிசி பிளாஸ்டிக் இயல்பில் விறைப்பானது. எண்ணெய் போன்ற தாலேட் சேர்மங்களை மென்மையூட்டியாகக் கலந்தால் அது வளையும். வளையும் பிவிசியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட இவை இருக்கலாம். பிளாஸ்டிக்கோடு வேதிப் பிணைப்பில்லாததால் இவை மெல்லக் கசியும். வெயிலில் கிடக்கும் பைப்பிலும், இரவெல்லாம் தேங்கிய நீரிலும் கசிவு கூடும். விறைப்பான பிவிசிக் குழாய்க்கும் கறுப்புப் பொலித்தீன் குழாய்க்கும் பொதுவாக மென்மையூட்டி தேவையில்லை.

தாலேட் நீரைவிட எண்ணெயில் எளிதாகக் கரையும். ஆகவே பெரும்பாலோரின் உடலுக்கு அது அதிகம் சேர்வது உணவின் வழியாகத்தான். நீரின் பங்கு சிறியது; ஆனாலும் தவிர்க்கக்கூடியது.

உடலில் என்ன செய்கிறது

தாலேட்டுகளில் அதிகம் ஆராயப்பட்டது டிஇஎச்பி. கருவுற்ற எலிகளுக்குக் கொடுத்தபோது ஆண் குட்டிகளின் இனப்பெருக்க உறுப்பு வளர்ச்சி குன்றியது. மனிதரிடம் சான்று அத்தனை உறுதியாக இல்லை. என்றாலும் கொழுந்து பறிக்கும் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் முதலில் காப்பதே நியாயம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011இல் டிஇஎச்பியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது. உலக சுகாதார அமைப்பு குடிநீருக்கு வகுத்த வழிகாட்டி அளவு லீற்றருக்கு 8 மைக்ரோகிராம். உடலுக்குள் போனதில் பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீரோடு வெளியேறிவிடும். அதனால் தொடர்பைக் குறைத்தால் பலன் விரைவில் தெரியும்.

செய்ய வேண்டியவை

கொதிக்க வைத்தால் டிஇஎச்பி போகாது. அதற்காகக் கொதிக்க வைப்பதை நிறுத்திவிடக் கூடாது. ஊற்று நீரில் வயிற்றுப்போக்கும் செங்கண்மாரியும் பரப்பும் கிருமிகளே உடனடி ஆபத்து. காலையில் பைப்பில் தேங்கிய நீரைக் கழுவுவதற்கு எடுத்துவிட்டு, பிறகு வருவதை எவர்சில்வர் குடத்தில் பிடிக்கலாம். மருந்தடிக்கும் கேன்களில் குடிநீர் சேமிப்பது இதைவிடக் கொடிய ஆபத்து. பழைய பைப்பை எரித்தால் நச்சுப் புகை வரும். கடைசிச் சில அடிகளுக்கும் விறைப்பான குடிநீர்க் குழாயைப் பதித்துத் தருவது தோட்ட நிர்வாகத்தின் கடமை. அதன் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது.