அசல் இல்லாத ஓவியம்

“இது வெறும் நகல்தானே?” அம்பத்தூரில் எங்கள் வகுப்புத் தோழியின் வீட்டு முன்னறைப் படத்தைப் பார்த்து ஒரு விருந்தினர் இப்படிக் கேட்டாராம். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1831ஆம் ஆண்டளவில் படைத்த பேரலைப் படம் அது. பழைய காலண்டரிலிருந்து வெட்டிச் சட்டம் போட்டது. தோழியின் முகம் வாடிவிட்டது. அவளுக்காக நாங்கள் நூலகத்தில் தேடியபோது வியப்பான செய்தி கிடைத்தது.

அந்தப் படத்துக்குக் கையால் வரைந்த அசல் என்று ஒன்று கிடையாது! ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து தருவார். செதுக்குபவர் அதைச் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டு மற்ற இடங்களைச் செதுக்கி எடுப்பார். வரைந்த தாள் அத்தோடு அழிந்துவிடும். பிறகு வண்ணங்களுக்கு வேறு பலகைகள் செய்து, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடுவார்கள். சாதாரண மக்களும் வாங்கினார்கள். அருங்காட்சியகங்களில் இருப்பவையும் அச்சுப் பிரதிகளே.

நம் நாட்டிலும் ராஜா ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, லட்சுமி, சரஸ்வதி படங்களைக் கல்லச்சில் பதித்து வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தார். பாட்டி வீட்டுப் பூஜையறைப் படத்தை யாராவது நகல் என்பார்களா?

மாட்டும் இடத்தில்தான் கவனம் வேண்டும். தோழி வீட்டில் மேற்கு ஜன்னலுக்கு எதிரே இருந்ததால் அலையின் நீலம் வெளுத்திருந்தது. மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறும். சட்டத்தின் பின்புற மூலைகளில் தக்கைத் துண்டுகள் ஒட்டினால் காற்று புகும். இவற்றைச் செய்து, படத்தை உள்சுவருக்கு மாற்றினோம். அளந்தும் பார்த்தோம். ஹொகுசாயின் அச்சு ஏறத்தாழ 25 செ.மீ. உயரம், 37 செ.மீ. அகலம்தான். தோழி வீட்டு அலை அதைவிடப் பெரிது!