விளக்கொளியும் வீட்டுச் சாமந்தியும்

சென்ற கார்த்திகையில் வடசென்னை சாத்தாங்காட்டில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். வாசலில் இரண்டு தொட்டிகளில் சாமந்தி இருந்தது. இரண்டும் ஒரே தாய்ச்செடியிலிருந்து பிரித்த கன்றுகள். ஒரே நாளில் நட்டவை. கிணற்றடி ஓரம் இருந்த செடி மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கியது. தெருப்பக்கம் இருந்ததோ கரும்பச்சை இலையுடன் ஓங்கி வளர்ந்திருந்தது. ஒரு மொட்டுக்கூட இல்லை. அந்த வீட்டு அம்மையார் அதற்கு மும்முறை யூரியா இட்டுப் பார்த்து, அலுத்துப்போய், பிடுங்கி எறிய இருந்தார். "இரவில் இங்கு விளக்கு எரியுமா?" என்று கேட்டேன். "விடிய விடிய எரியும்" என்றார். காரணம் அதுதான். செடியில் குறையில்லை.

இருட்டுதான் மொட்டுக்கு அழைப்பு

சாமந்தி குறும்பகல் பயிர். பகல் குறுகி இரவு நீளும்போதுதான் மொட்டு வைக்கும். சென்னையில் ஜூன் மாதத்தில் பகற்பொழுது 13 மணிக்குச் சற்றுக் குறைவு. டிசம்பரில் சுமார் 11 மணி 20 நிமிடம். ஆடியில் நட்டது கார்த்திகையில் பூப்பது இதனால்தான். பகல் நீளத்திற்கும் பூப்பதற்கும் உள்ள இந்தத் தொடர்பை அமெரிக்க அறிஞர்கள் கார்னர், அல்லார்டு இருவரும் 1920-ல் வெளியிட்டனர். செடி உண்மையில் அளப்பது இடையறாத இருட்டையே என்பது பின்னர் தெரியவந்தது. நடுவே ஒளி பட்டால் நீண்ட இரவும் செடிக்குக் குறுகிய இரவாகிவிடும். நிலவொளி இதற்குப் போதாது, தெருவிளக்கு போதும்.

ஜப்பானின் அட்சுமி தீபகற்பத்தில் வேண்டுமென்றே இரவில் விளக்கேற்றிப் பூப்பைத் தள்ளிவைத்து, விலை உள்ள பருவத்தில் அறுவடை செய்கிறார்கள். அவர்களுக்கு இலாபமாக அமைவது நமக்கு அறியாமல் நட்டமாகிறது. வயலோரம் விளக்குக் கம்பம் உள்ள உழவர்களும் அந்த மூலையில் சாமந்தி வைக்கக்கூடாது.

மண்ணும் நீரும்

கடலோரத் தொழிற்பகுதியில் மண்ணை நம்பி நேராக நடுவது சரியன்று. இரும்புக் கிடங்குகளை ஒட்டிய மண்ணில் துருவும் கழிவும் கலந்திருக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகப் பகுதியில் பரவியதை அறிவீர்கள். அத்தகைய வெள்ளம் ஏறிய இடத்து மண்ணை எடுக்காதீர்கள். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்ததும் பழைய செய்தி. கிணற்று நீர் கரித்தாலோ, தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்தாலோ உப்பு மிகுதி என்று கொள்ளலாம். நீரை ஆய்வகத்தில் சோதித்துக்கொள்வது நல்லது. மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவது அதனினும் நல்லது.

30 செ.மீ. வாயுள்ள மண்தொட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அடித்துளையின் மேல் ஓட்டுச் சில்லுகளைப் பரப்புங்கள். செம்மண், மணல், நன்கு மட்கிய தொழு உரம் மூன்றையும் சமபங்கு கலந்து, ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்து நிரப்புங்கள். தொட்டியை இரண்டு செங்கல் மேல் வைத்தால் நீர் தேங்காது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. சாமந்தி பூக்கும் பருவமும் அதுவே. வேரில் நீர் நின்றால் செடி அழுகிவிடும். அடைமழையின்போது தொட்டியைத் தாழ்வாரத்திற்கு நகர்த்தலாம். தொட்டியில் வளர்ப்பதன் பெரும்பயன் இது.

நடவும் பராமரிப்பும்

நம் பல்கலைக்கழக இரகங்களில் கோ.1 மஞ்சள் நிறம், கோ.2 ஊதா நிறம். பூத்து ஓய்ந்த செடியின் தூரிலிருந்து எழும் வேர்விட்ட கன்றுகளை ஆடியில் பிரித்து, தொட்டிக்கு ஒன்றாக நடுங்கள். நட்ட நான்காம் வாரம் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகள் மிகும், பூவும் மிகும். ஆவணிக்குப் பின் கிள்ளவேண்டாம். கிள்ளினால் பூப்பது தள்ளிப்போகும்.

புரட்டாசி முதல் இரவில் ஒளி படாத பக்கம் தொட்டியை வைத்துவிடுங்கள். பகலில் நல்ல வெயில் வேண்டும். இருண்ட இடமே இல்லாத வீடானால், நான்கு குச்சி நட்டு, மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை கெட்டியான கறுப்புத் துணியால் மூடுங்கள். மொட்டு நிறம் காட்டும் வரை ஒரு நாளும் தவறக்கூடாது. நீண்ட இரவு தொடங்கிய எட்டு முதல் பத்து வாரங்களில் பூ வரும். மொட்டு வராததற்கு யூரியா மருந்தன்று; இலைதான் பெருகும், அசுவினியும் கூடும்.

அசுவினி கண்டால் இடித்த வேப்பங்கொட்டை 50 கிராமை ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் கலந்து தெளிக்கவும். வேரழுகல் தென்பட்டால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு 2.5 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்துத் தூரில் ஊற்றவும்.

அடுத்த ஆண்டுக்கு

பூத்து முடிந்ததும் செடியைப் பிடுங்காதீர்கள். தையில் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டிவிடுங்கள். தூரில் புதுக்கன்றுகள் கிளம்பும். கோடையில் அரைநிழலில் வைத்து அளவாக நீர் ஊற்றிக் காத்தால் ஆடிக்கு நாற்று வெளியில் வாங்கவேண்டாம். ஒரு தாய்ச்செடி பல தொட்டிகளுக்குக் கன்று தரும்.

அந்த அம்மையார் செடியைப் பிடுங்கவில்லை. தொட்டியைக் கிணற்றடிக்கு மாற்றினார். தை பிறந்து சில நாட்களில் அதிலும் மொட்டு கண்டது. உங்கள் வீட்டுச் சாமந்தி பூக்கவில்லையா? உரப்பையைத் திறக்கும் முன், இன்றிரவு ஒருமுறை வாசலுக்கு வந்து, செடியின் மேல் வெளிச்சம் விழுகிறதா என்று பாருங்கள்.